வைட்டலா, டீவாவா?

பெங்களூரு அல்சூரில் வீட்டறையிலேயே இசையமைக்கும் தமிழ் இளைஞர்கள் பலர், கணினியில் ஒலியை உருவாக்கும் சிந்தசைசர் மென்பொருள்களில் இலவச வைட்டல் போதுமா, விலை கொடுத்து டீவா வாங்கலாமா என்று தயங்குகிறார்கள். ஒப்பிடுமுன் எதிரொலி விளைவுகளான ரிவர்ப், டிலே ஆகியவற்றை அணைத்து, இரண்டின் ஒலியளவையும் சமப்படுத்த வேண்டும். சற்று உரக்க ஒலிப்பதே காதுக்கு உயர்ந்ததாகத் தோன்றிவிடும். ஆட்டோ ஹாரன்களுக்கு நடுவே ஹெட்போன் இல்லாமல் இது நடக்காது.

வகை: 2020இல் வந்த வைட்டல், சேமித்த அலைவடிவங்களை ஒன்றிலிருந்து இன்னொன்றாக உருமாற்றி ஒலிக்கும் வேவ்டேபிள் சிந்தசைசர்.
2011இல் வந்த டீவா, பழைய அனலாக் கருவிகளின் மின்சுற்றுகளைப் போலச்செய்வது.

ஃபில்டர் (ஒலியின் அதிர்வெண்களை வடிகட்டும் பகுதி): ரெசொனன்ஸை (வெட்டுமிடத்தை ஒட்டிய அழுத்தம்) உயர்த்திக் கட்ஆஃபை (வெட்டுமிடம்) மெல்ல நகர்த்தினால், டீவாவின் ஒலி தடித்து, இழைந்து, ஓரங்களில் லேசாகச் சிதைவதைக் கேட்கலாம். என் காதுக்கு வைட்டல் இங்கே துல்லியமானது, ஆனால் சற்றுக் குளிர்ந்தது.

அலியாசிங் (டிஜிட்டல் கணக்கீட்டில் எழும் போலி ஒலி): மேல் ஸ்தாயியில் ஒரு சுரத்தைப் பிட்ச் பெண்டால் ஏற்றுங்கள். சுரம் ஏறும்போது பின்னணியில் வேறொரு கீச்சொலி இறங்கினால் அதுவே குறை. வைட்டலில் எஃப்எம் (ஓர் அலையால் இன்னொன்றின் அதிர்வெண்ணை அசைப்பது), டிஸ்டார்ஷன் மிகும்போது ஓவர்சாம்ப்ளிங்கைக் (ஒலியைக் கூடுதல் மாதிரிகளில் கணக்கிடுவது) கூட்டுவது நல்லது.

கணினிச் சுமை: வைட்டல் பொதுவாக இலகு.
டீவாவின் மிகத் துல்லியமான 'டிவைன்' நிலை பழைய லேப்டாப்பைத் திணறடிக்கும்.

செலவு: வைட்டலின் இலவசப் பதிப்பில் பிரீசெட்டுகளும் (முன்பே அமைத்த ஒலிகள்) வேவ்டேபிள்களும் குறைவு, ஒலி எஞ்சின் அதேதான்.

உருமாறிக்கொண்டே இருக்கும் மின்னிசை ஒலிகளுக்கு வைட்டலும், கனத்த பேஸுக்கும் நீண்டு பரவும் பழைய பாணிப் பேடுக்கும் டீவாவும் பொருந்தும். டீவாவின் டெமோ இடையிடையே கரகரத்தாலும், உங்கள் லேப்டாப் அதைத் தாங்குமா என்று பார்க்க அது போதும்.