ஆபீஸ் மெடிக்ளெய்ம் இருக்கும்போது தனி பாலிசி எதற்கு?

"கம்பெனியில் 5 லட்சத்துக்கு மெடிக்ளெய்ம் இருக்கிறது, தனியாக ஒன்று எதற்கு?" இந்தக் கேள்வியை நானும் பத்து வருடம் கேட்டவன்தான். கையில் வரும் பணத்தை மட்டும் பார்த்தால் ஆபீஸ் பாலிசி பல நேரம் ஜெயிக்கும். தகராறு என்று வரும்போது யார் கையில் என்ன உரிமை இருக்கிறது என்று பார்த்தால்தான் கணக்கு மாறுகிறது.

ஆபீஸ் பாலிசியின் பெரிய பலம், பெரும்பாலான கம்பெனிகளில் சேர்ந்த அன்றே பழைய நோய்க்கும் பிரசவத்துக்கும் கவரேஜ் கிடைப்பது. அம்மாவுக்குச் சர்க்கரை, அப்பாவுக்கு ஸ்டென்ட் என்றால் தனி பாலிசிக்காரர்கள் மெடிக்கல் டெஸ்ட் கேட்பார்கள், பிரீமியத்தை ஏற்றுவார்கள், சிலர் முடியாது என்றே சொல்லிவிடுவார்கள். கொடுத்தாலும் பழைய நோய்க்கு 3 ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். 2024 ஏப்ரலுக்கு முன்னால் இது 4 ஆண்டாக இருந்தது.

ஆனால் ஆபீஸ் பாலிசி இருப்பது கம்பெனியின் பெயரில். நமக்குக் கிடைப்பது ஒரு இ-கார்டு. நிபந்தனைகளை எச்.ஆரும் இன்சூரன்ஸ் கம்பெனியும் பேசி முடிக்கிறார்கள், வருடாவருடம் மாற்றவும் செய்கிறார்கள். ஒரு வருடம் எங்கள் பாலிசியில் பெற்றோருக்கு 20 சதவீதம் கோ-பே, அதாவது பில்லில் நாமே கட்ட வேண்டிய பங்கு, சேர்ந்திருக்கிறது. அதைச் சொன்ன மெயிலை நான் திறக்கவே இல்லை. அப்பாவின் கண்புரை ஆபரேஷன் முடிந்து பில் கவுன்டரில் நின்றபோதுதான் தெரிந்தது. யாரிடம் சண்டை போட? கையெழுத்து போட்டது நான் இல்லையே.

அறை வாடகை வரம்பும் இப்படித்தான். காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம் என்றால் 5 லட்சத்துக்கு ஒரு நாளைக்கு 5,000 ரூபாய். 8,000 ரூபாய் அறை எடுத்தால் 3,000 மட்டும்தான் நம் கையை விட்டுப் போகும் என்று நினைப்போம். இல்லை, டாக்டர் ஃபீஸ், தியேட்டர் கட்டணம் எல்லாமே எட்டில் ஐந்து பங்காகக் குறையலாம். மருந்து, ஸ்டென்ட் மாதிரி உள்ளே வைக்கும் சாதனங்கள், பரிசோதனைகள் ஆகியவற்றில் இந்த விகிதக் கழிவு கூடாது என்று இன்சூரன்ஸ் துறையின் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சொல்லியிருக்கிறது. பில்லைச் சரிபார்க்கும்போது முதலில் தேட வேண்டிய இடம் இதுதான்.

தனி பாலிசியில் ஒப்பந்தம் நம்முடையது. பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். போன வருடம் க்ளெய்ம் செய்தாய் என்று புதுப்பிக்க மறுக்க முடியாது. பாலிசியை வேறு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளலாம் (போர்ட்). தொடர்ந்து 60 மாதம் கட்டிவிட்டால், 'இந்த நோயைச் சொல்லாமல் மறைத்தாய்' என்று சொல்லி க்ளெய்மைத் தள்ள முடியாது, மோசடி என்று நிரூபித்தால் தவிர. என்னைக் கேட்டால் அத்தனை சலுகையிலும் மதிப்புள்ளது இந்தக் கடைசி ஒன்றுதான். 2025 செப்டம்பர் 22 முதல் தனி பாலிசி பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஆபீஸ் பாலிசி மாதிரியான குழு பாலிசிக்கு அந்தச் சலுகை வரவில்லை. பலவீனம் பிரீமியம்தான். 60 வயது தாண்டியவர்களுக்கு ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யைக் கலந்தாலோசிக்காமல் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது. அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்தத் தடுப்பு இல்லை.

சில பாதுகாப்புகள் இரண்டுக்கும் பொது. கேஷ்லெஸ் (பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகக் கட்டுவது) அனுமதிக்கு 1 மணி நேரம், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு 3 மணி நேரம் என்பது 2024 மே மாத விதி. 3 மணி நேரம் தாண்டி ஆஸ்பத்திரி கூடுதலாகப் பணம் கேட்டால் அது இன்சூரன்ஸ் கம்பெனியின் தலையில். 50 லட்சம் வரையிலான புகாரை இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பு அதிகாரியிடம் செலவில்லாமல் கொண்டுபோகலாம். குழு பாலிசி உறுப்பினருக்கும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: பெரிய கம்பெனியின் எச்.ஆர். ஒரு போன் போட்டு முடிக்கிற காரியம், தனி ஆள் மூன்று மெயில் அனுப்பினாலும் நகராது.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. என்ற அரசு ஊழியர் காப்பீட்டுத் திட்டம் தனி உலகம். ஊழியர் 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார்கள். சிகிச்சைச் செலவுக்கு உச்சவரம்பு இல்லை. டிஸ்பென்சரி வரிசைக்குப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

நான் செய்தது இது: பெற்றோரை ஆபீஸ் பாலிசியிலேயே விட்டேன், எனக்கும் மனைவிக்கும், உடம்பு நன்றாக இருக்கும்போதே, தனியாக ஒன்று எடுத்தேன். வேலையை விடுகிறவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. குழு பாலிசியிலிருந்து அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனி பாலிசிக்கு மாற உறுப்பினருக்கு உரிமை இருக்கிறது. ஏற்கெனவே கழித்த காத்திருப்புக் காலமும் பழைய காப்பீட்டுத் தொகை அளவுக்குக் கணக்கில் வரும். எச்.ஆர். இதைத் தானாகச் சொல்வது அபூர்வம். பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு கவரேஜ் முடிந்துவிடும் என்பதால், லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும் நாள் வரை காத்திருக்காமல் நோட்டீஸ் பீரியடிலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.