ஒரு பழைய லேப்டாப், இரண்டு கீபோர்டு: மூன்று வருடம் நாங்கள் விளையாடிய கதை

மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு காரைக்குடி பக்கத்துப் பள்ளத்தூரில், எங்கள் செட்டிநாட்டு வீட்டில், நானும் அவரும் மட்டும்தான். பங்காளிகளின் அறைகள் பூட்டிக் கிடக்கின்றன, யாராவது விசேஷத்துக்கு வந்தால்தான் திறப்பு. ராத்திரி எட்டு மணிக்கு மேல் வளவு முற்றத்தில் பல்லி கத்தினால்கூடக் கேட்கும். எனக்கு சீரியல் ஆகாது, அவருக்கோ செய்தி விவாதம் இல்லாமல் சாப்பாடு இறங்காது. 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்ததே, அந்த நேரத்தில்தான் "நாமளும் எதையாச்சும் விளையாடுவோமே" என்று அவர் வாயிலிருந்து வந்தது. கம்ப்யூட்டரில் விளையாட வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து விளையாட வேண்டும், காசு கொடுக்கக் கூடாது. கடைசி நிபந்தனையை மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

மூன்று வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. எது எங்கள் வீட்டில் தங்கியது, எது வந்த வழியே போனது என்று எழுதி வைக்கிறேன். எங்களைப் போல இரண்டே பேர் இருக்கிற வீடு இந்தப் பக்கம் நிறைய.

முதலில் மெஷினைப் பற்றி. மகள் பிளஸ் டூ படிக்கும்போது பள்ளியில் வாங்கிய விலையில்லா லேப்டாப்தான். ராம் 2 ஜிபி. வயதாகி பேட்டரி போய்விட்டது, வயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். காரைக்குடியில் இன்ஜினியரிங் படிக்கும் என் அண்ணன் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, பழைய விண்டோஸை எடுத்துவிட்டு லேசான லினக்ஸ் (இலவச இயங்குதளம்) ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். கூலியாக அரைப் படி தேன்குழல் போனது.

அடுத்து எங்கள் இரண்டு பேரையும் பற்றிச் சொல்ல வேண்டும். நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ், இருபது வருடம் தட்டச்சு வேலை பார்த்த கை. அவர் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்துகிறவர். கிராபிக்ஸ் எப்படி, சத்தம் எப்படி என்றெல்லாம் பார்த்து நாங்கள் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. தோற்கிறவர் மறுநாளும் வந்து உட்காருகிறாரா என்பதுதான் பார்வை. உட்காரவில்லை என்றால் அந்த விளையாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வீண்.

முதல் மாதம் சும்மா அலைந்தோம். "இரண்டு பேர் விளையாட இலவச கேம்" என்று தேடினால் வருகிற பக்கங்களில் டவுன்லோடு பட்டன் ஐந்து இருக்கும், நாலு விளம்பரம். ஒன்றை அழுத்தியதும் கம்ப்யூட்டரில் வைரஸ் இருப்பதாகச் சிவப்புக் கட்டம் கத்தியது. அவர் பயந்துபோய் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். இன்னொரு ஏமாற்றம், பழைய பட்டியல்களில் பாதி விளையாட்டுகள் ஃபிளாஷ் என்ற பழைய மென்பொருளில் செய்தவை. ஃபிளாஷை அடோபி நிறுவனமே 2020 டிசம்பர் 31ஓடு நிறுத்திவிட்டது. அதனால் அந்தப் பக்கங்களைத் திறந்தால் வெறும் சாம்பல் கட்டம்தான். லினக்ஸில் டவுன்லோடு தொல்லை குறைவு. அதற்குள்ளேயே மென்பொருள் கடை மாதிரி ஒன்று இருக்கிறது, நான் கீழே சொல்லும் பாதி விளையாட்டு அதிலேயே கிடைத்தது. விண்டோஸ் வைத்திருப்பவர்கள் அந்தந்த விளையாட்டின் சொந்தத் தளத்துக்கே போய் இறக்கிக்கொள்வது நல்லது.

இன்டர்நெட் இன்னொரு தலைவலி. ரவுட்டர் முகப்பில் இருக்கிறது. செட்டிநாட்டு வீட்டுச் சுவர் நல்ல கனம், பட்டாலை என்கிற கூடத்தைத் தாண்டினால் சிக்னல் ஒரு கோடு, வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டுக்குப் போனால் அதுவும் இல்லை. வெயில் காலத்தில் நாங்கள் உட்காருவதோ இரண்டாம் கட்டில். ஆகவே நெட் இல்லாமல் ஓடும் விளையாட்டுக்குத்தான் எங்கள் வீட்டில் மதிப்பு அதிகம்.

அந்த வகையில் முதலில் தங்கியது ஃப்ரோசன் பபிள். 2002இல் வந்த பழைய விளையாட்டு. பென்குயின் ஒன்று கலர் குமிழியைச் சுடும், ஒரே நிறம் மூன்று சேர்ந்தால் உதிரும். இரண்டு பேர் ஆடும்போது திரை பாதி பாதி. ஒருவர் கொத்தாக உதிர்த்தால் அதற்கேற்பக் குமிழிகள் அடுத்தவர் தலையில் போய் ஏறும். விரல் வேகத்தைவிட இதில் குறிதான் முக்கியம். கோலிக்குண்டு ஆடிய கண் அவருக்கு. சுவரில் மோதித் திரும்பி இடுக்குக்குள் போய் ஒட்டுகிற மாதிரி அடிப்பார். முதல் வாரத்திலேயே என்னை அழ வைத்தார். இன்றைக்கும் பத்து ஆட்டத்தில் ஆறு அவருக்குத்தான்.

சூப்பர்டக்ஸ்கார்ட் எனக்குப் பிடித்தது. கார் பந்தயம், திரை இரண்டாகப் பிரியும், இலவசம். எங்கள் லேப்டாப்பில் கிராபிக்ஸைக் கடைசி மட்டத்துக்குக் குறைத்த பிறகுதான் திக்காமல் ஓடியது. கீபோர்டிலேயே இரண்டு பேர் ஆடலாம், ஆனால் ஒரு வேலை இருக்கிறது. அமைப்புக்குள் போய் இரண்டாவது ஆளுக்கு என்று தனியாக ஒரு கீபோர்டு அமைப்பைச் சேர்த்து, விசைகளை நாமே சொல்லிக் கொடுக்க வேண்டும். இது தெரியாமல் நாலு நாள் ஆளுக்கு ஒரு சுற்று என்று மாறி மாறி ஓட்டிக்கொண்டிருந்தோம். பாதையில் கிடக்கும் வாழைப்பழத்தில் ஏறினால் பாராசூட்டோ வெடிகுண்டோ வந்து ஒட்டிக்கொள்ளும். அவர் ஒரு வாழைப்பழத்தையும் விட்டதில்லை. தொடர்ந்து ஐந்து நாள் தோற்றதும் "கண்ணு எரியுது" என்று எழுந்து போனவர், இரண்டு வாரம் அந்தப் பக்கமே வரவில்லை. அப்புறம் வீட்டுச் சட்டம் ஒன்று போட்டோம். பந்தயம் தொடங்கியதும் நான் பத்து வரை எண்ணிய பிறகுதான் கிளம்ப வேண்டும். இப்போது கடைசி வளைவில்தான் அவரைப் பிடிக்கிறேன், சில நாள் பிடிக்க முடிவதில்லை. வேகமாக எண்ணுகிறேன் என்று அவருக்கு ஒரு குறை உண்டு.

மூன்று வருடத்தில் அதிக மணி நேரம் போனது ஃபயர்பாய் அண்ட் வாட்டர்கேர்ள் என்ற விளையாட்டில்தான். நெருப்புப் பையன் ஒருவன், தண்ணீர்ப் பெண் ஒருத்தி. அவன் நெருப்புக் குளத்தில் நடக்கலாம், தண்ணீர் பட்டால் போய்விடுவான். அவளுக்கு நேர்மாறு. பச்சைச் சேறு இரண்டு பேருக்கும் ஆகாது. ஒருவர் பட்டனில் நின்றால்தான் அடுத்தவருக்குக் கதவு திறக்கும், இரண்டு பேரும் அவரவர் வாசலுக்கு வந்து சேர்ந்தால்தான் ஆட்டம் முடியும். ஜெயித்தவர் தோற்றவர் என்ற பேச்சே இல்லை. இதுவும் 2009இல் ஃபிளாஷில் வந்ததுதான், நல்லவேளையாகப் பின்னால் இப்போதைய பிரவுசரில் ஓடும்படி மாற்றிவிட்டார்கள். இதற்கு நெட் வேண்டும் என்பதால் பட்டாலையில் உட்கார்ந்துதான் ஆடுவோம்.

ஆனால் முதல் இரண்டு நாளும் இதில் சண்டைதான். அவருக்கு அம்புக்குறி விசைகள், எனக்கு ஏ, டபிள்யூ, டி. நான் ஓடிக்கொண்டே குதிக்கும்போது அவரும் குதிக்க வேண்டிய இடம் ஒன்று வரும். நான் குதித்துவிடுவேன், அவர் நேராகப் போய்த் தண்ணீரில் விழுவார்.

"என்னங்க, குதிக்கச் சொன்னேன்ல?"

"அழுத்திக்கிட்டுதானே இருக்கேன்!"

நான் நம்பவில்லை. ஒற்றை விரல்காரர், பிந்தி அழுத்துகிறார் என்றே நினைத்தேன். மூன்றாம் நாள் அவர் விரலையே பார்த்துக்கொண்டு ஆடினேன். மேல் அம்புக்குறி முழுக்க அமுங்கியிருக்கிறது, திரையில் பையன் மட்டும் குதிக்கவில்லை. அண்ணன் மகனைக் கூப்பிட்டுக் கேட்டதற்குச் சிரித்தான். "அயித்தை, மாமா மேல தப்பில்லை, கீபோர்டு அப்படித்தான்" என்று விளக்கினான். சாதாரண கீபோர்டுக்குள் ஒவ்வொரு விசைக்கும் தனி வயர் கிடையாதாம். நெடுக்கும் குறுக்குமாகக் கட்டம் போட்ட மாதிரி கம்பிகள், அவை குறுக்கிடும் இடத்தில் விசை. ஒரு சதுரத்தின் மூன்று மூலை விசைகளைச் சேர்த்து அழுத்தினால் நாலாவதும் அமுங்கியிருக்கிறதா என்று அதற்குப் புரியாது. குழப்பம் வேண்டாம் என்று ஏதோ ஒன்றை விட்டுவிடும். ஒரே ஆள் டைப் செய்யும்போது இது தெரியவே தெரியாது. இருபது வருடம் கீபோர்டைத் தட்டிய எனக்கே தெரிந்திருக்கவில்லை.

தீர்வு சுலபம். யுஎஸ்பி கீபோர்டு ஒன்று வாங்கிச் செருகினோம், 400 ரூபாய். கம்ப்யூட்டர் இரண்டையும் ஒரே கீபோர்டாகத்தான் எடுத்துக்கொள்ளும், ஆனால் உள்ளே கம்பிக் கட்டம் தனித்தனி என்பதால் ஒருவர் விசை அடுத்தவருடையதைத் தின்னாது. லேப்டாப் விசைகள் எனக்கு, வெளிக் கீபோர்டு அவருக்கு. அன்றைக்கு ராத்திரி பதினோரு மணி வரை ஆடினோம். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாக அவர் சொல்வார், எனக்கு ஞாபகம் இல்லை. மூன்று வருட இலவச விளையாட்டுக்கு நாங்கள் செய்த ஒரே செலவு இந்த 400தான். இரண்டு பேர் ஒரே கீபோர்டில் ஆடப் போகிறீர்கள் என்றால் இதை முதல் நாளே வாங்கிவிடுங்கள், குடும்பச் சண்டை மிச்சம்.

முள்ளெலிகள் மாறி மாறிக் குண்டு போட்டுக்கொள்ளும் ஹெட்ஜ்வார்ஸும் ஒரு மழைக்காலம் முழுக்க ஓடியது. ஒருவர் ஆடி முடித்துக் கீபோர்டை நகர்த்திவைக்கலாம் என்பதால் நடுவில் பாலை இறக்கிவிட்டு வர வசதி. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக் குறி வைக்க வேண்டும். தானாக நடந்துபோய் வெடிக்கும் கேக் ஒன்று அதில் ஆயுதம். எலிகளுக்கு நாமே பெயர் வைக்கலாம். என் அணிக்குக் கொழுந்தனார்கள் பெயரை வைத்தேன். பங்கு பிரித்ததிலிருந்து பேச்சுவார்த்தை இல்லாத மூத்தவர் பெயரில் இருந்த எலியை இவர் குறி வைத்துக் கடலில் தள்ளிவிட்டு, அரை மணி நேரம் சிரித்தார். அந்தத் தீபாவளிக்கு அவராகவே அண்ணனுக்குப் போன் போட்டார். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆயுதங்கள் ஏகப்பட்டது, எழுத்து பொடி, கண்ணாடி போட்டும் படிப்பது சிரமம் என்பதால் மெல்ல விட்டுவிட்டோம்.

செஸ்ஸுக்கு லிசெஸ் என்ற இணையதளம். விளம்பரம் கிடையாது, காசு கிடையாது. கணக்கு தொடங்காமலே லிங்க் அனுப்பி இரண்டு பேர் ஆடலாம். ஆரம்பத்திலேயே அவர் தன் ராணியை எடுத்துவிட்டு ஆடினாலும் நான் தோற்கிறேன், அதோடு ஒரு நகர்த்தலுக்கு கால் மணி நேரம் யோசிக்கிறார். கடிகாரம் வைத்து ஆடலாம் என்றால் ஒப்புக்கொள்வதில்லை. இது எனக்கு ஒத்துவரவில்லை. 2024இல் குகேஷ் உலக சாம்பியன் ஆன பிறகு பேசவே வேண்டாம், இப்போது முகம் தெரியாதவர்களோடு தனியாக ஆடுகிறார்.

ஜிகாம்ப்ரி சின்னக் குழந்தைகளுக்கானது, பேரன் பேத்தி வந்தால் உதவும் என்று போட்டோம். அதற்குள் நாலு வில்லையை வரிசையில் சேர்ப்பது ஒன்றும், ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சதுரத்தில் காய் வைத்து மூன்றை வரிசைப்படுத்துவது ஒன்றும் இருவர் ஆட்டமாக இருக்கின்றன. இரண்டாவதைப் பார்த்ததும் "கோயில் மண்டபத் தரையில கீறியிருக்குமே, அதுதானே இது" என்றார். அதுவேதான். மாதத்துக்கு ஒரு முறை ஆடுகிறோம்.

கரண்ட் போனால் லேப்டாப்பும் போய்விடும். அந்த நேரத்துக்கு மாமியார் காலத்துப் பல்லாங்குழி இருக்கிறது.

இப்போதைய நிலவரம் இது. வாரத்தில் நாலைந்து நாள், அரை மணி நேரம், பெரும்பாலும் நெருப்பும் தண்ணீரும். போன மாதம் அவருடைய கீபோர்டில் மேல் அம்புக்குறி உட்கார்ந்துவிட்டது. குதிக்கும்போது விசையை அழுத்தாமல் குத்துவார், எத்தனை சொன்னாலும் மாறாது. கையில் பிடித்து ஆடும் கேம்பேடு வாங்குங்கள் என்றான் அண்ணன் மகன். விலையைக் கேட்டுவிட்டு இவர் பேச்சை மாற்றினார். அதனால் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறோம். வெளிக் கீபோர்டின் எழுத்து விசைகள் எனக்கு, லேப்டாப்பின் அம்புக்குறி அவருக்கு. அது எத்தனை மாதம் தாங்கும் என்று பார்க்க வேண்டும்.