286 என்று ஸ்டிக்கர் ஒட்டி 232ஐத் தலையில் கட்டிவிட்டார்கள்: 640 டாலர் போச்சு

மெல்பர்ன் பக்கம் வேட்டை லைசென்ஸ் வைத்திருக்கும் நம்மவர்கள் யாராவது 9.3×62 (9.3 மில்லிமீட்டர் குண்டு, 62 மில்லிமீட்டர் உறை) மாதிரி நடுத்தர விட்டக் குழல் ரைஃபிளுக்குத் தோட்டா வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள். தலைப்பில் உள்ள 286, 232 இரண்டும் குண்டின் எடை, கிரெய்ன் என்ற அளவில். தோட்டா என்பது முழுசு, குண்டு என்பது அதன் முனையிலிருந்து பறப்பது. என்னுடைய 640 டாலரை விழுங்கிவிட்டு ஒரு கடை என்னையே பைத்தியக்காரன் ஆக்கிக்கொண்டிருக்கிறது. பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் அது இது என்று வரும். ஊருக்கு வெளியே கடையும் வைத்துக்கொண்டு ஆன்லைனிலும் விற்கிற ஒரு துப்பாக்கிக் கடை, அவ்வளவுதான் சொல்வேன். எந்த எடைக் குண்டு எதற்குச் சரி என்பதையும் கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காக: நான் போவது கடமானுக்கு. நம்ம ஊர் மிளாதான். 1860களில் வெள்ளைக்காரன் விக்டோரியாவில் கொண்டுவந்து விட்டது, இன்றைக்கு டார்கோ, ஜேமிசன் பக்க மலையெல்லாம் பெருகிக் கிடக்கிறது. நன்றாக வளர்ந்த ஆண் 200 கிலோவைத் தாண்டும். காடு அடர்த்தி, கிட்டத்தில்தான் கண்ணில் படும், அதுவும் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி பக்கவாட்டில் நிற்காது. ஓடத் தயாராகப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு கோணலாக நிற்கும். அந்தக் கோணத்தில் சுட்டால் குண்டு வயிற்றைக் கடந்து நெஞ்சுக்கூடு வரை போய்ச் சேர வேண்டும். அதற்கு எடை வேண்டும். விட்டம் ஒன்றாக இருக்கும்போது கனமான குண்டு நீளமாக இருக்கும், சதையிலும் எலும்பிலும் பட்டதும் சீக்கிரம் நின்றுவிடாது. மறுபக்கம் துளைத்து வெளியேறினால் ரத்தத் தடம் கிடைக்கும். இல்லையென்றால் அடிபட்ட மிருகம் புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், நீங்கள் டார்ச் அடித்துக்கொண்டு இரவெல்லாம் தேட வேண்டியதுதான். 1905ல் பெர்லின்காரர் ஓட்டோ போக் உருவாக்கிய இந்த 9.3×62 தோட்டாவுக்கு 286 கிரெய்ன், அதாவது 18.5 கிராம், பேர்போன எடை. 232, 250, 325 எல்லாமும் வருகிறது. நான் கேட்டது 286.

கடையில் இருந்தவருக்கு அறுபது வயது இருக்கும். என் லைசென்ஸை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார், நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டினார், முகத்தையும் படத்தையும் ஒப்பிட்டார். இவ்வளவு கறாரான மனிதர் ஏமாற்றுவார் என்று எவனுக்குத் தோன்றும்? அதற்கு மேல் நான் சொல்லாமலே அவர் 286ஐப் பற்றி ஆரம்பித்தார். டிராயரிலிருந்து இரண்டு குண்டுகளை எடுத்து கவுண்டரின் ரப்பர் விரிப்பில் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தார். ஒன்று குட்டை, ஒன்று நீளம், செம்பு நிறம், மூக்கில் மட்டும் ஈயம் சாம்பலாகத் தெரிந்தது. நீளமானதை விரலால் என் பக்கம் உருட்டிவிட்டு, "குட்டையானது வெட்டவெளிக்கு, நீ போகிற காட்டுக்கு இதுதான் நண்பா. என் மகனும் இதைத்தான் சுடுகிறான்" என்றார். போனில் மகன் சுட்ட கடமானின் கொம்பைக் காட்டினார். சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி. இன்றைக்கும் எரிச்சல் அதுதான்: விஷயம் தெரியாதவன் தவறிக் கொடுத்தால் மன்னித்துவிடலாம், இந்த ஆளுக்கு எல்லாம் தெரியும்.

உள்ளே போய் ஐந்து பெட்டிகளைக் கொண்டுவந்தார். பெட்டிக்கு இருபது. "எல்லாம் ஒரே லாட், அடுத்த சரக்கு எப்போது வரும் என்று சொல்ல முடியாது, மொத்தமாக எடுத்துக்கொள்." பெட்டியின் ஓரத்தில் வெள்ளை ஸ்டிக்கர், அதில் 286, கீழே விலை. பெட்டி 128 டாலர், ஆக மொத்தம் 640 டாலர். கார்டைத் தேய்த்தேன். கையைப் பிடித்துக் குலுக்கி வழியனுப்பினார்.

சுட்டுப் பழகும் ரேஞ்சில் முதல் தோட்டாவிலேயே ஏதோ இடித்தது. தோளில் உதை குறைவு. ரைஃபிளை விற்றவர் கொடுத்திருந்த பழைய 286 தோட்டாக்களை வைத்து ஸ்கோப்பை நூறு மீட்டருக்குச் சரிசெய்து வைத்திருந்தேன். இவை விழுந்த இடமே வேறு, கீழே இடப்பக்கம் கூட்டமாக. பழையதில் மிச்சமிருந்ததைப் போட்டுச் சுட்டேன், மையத்தில் போய் உட்கார்ந்தது. அப்போதுதான் ஸ்டிக்கரின் மூலையை நகத்தால் சுரண்டினேன். அடியில் தயாரிப்பாளர் அச்சடித்த எண் 232. ஐந்து பெட்டியிலும் அதே கதை.

சந்தேகமே வேண்டாம் என்று ரீலோடிங், அதாவது வீட்டிலேயே தோட்டா தயாரிப்பது, செய்யும் நண்பர் வீட்டுக்குப் போனேன். சுத்தியல் மாதிரி ஒரு புல்லர் உண்டு, தோட்டாவை அதில் மாட்டித் தரையில் ஓங்கித் தட்டினால் குண்டு கழன்று விழும். தராசில் வைத்தோம்: 231.9 கிரெய்ன். இன்னொரு பெட்டியிலிருந்து ஒன்று: 232.1. "கடையிலேயே பார்த்திருக்கலாமே" என்று யாரும் கமெண்ட் போட வேண்டாம். தோட்டாவின் அடியில் கேலிபரும் (குண்டின் விட்டம்) கம்பெனியும்தான் பொறித்திருக்கும், எடை இருக்காது. எடையைச் சொல்வது பெட்டி மட்டும்தான், அந்தப் பெட்டியில்தான் இவர்கள் கைவைத்திருக்கிறார்கள்.

போன் செய்தேன். விற்ற பெரியவர் லீவில் இருக்கிறார் என்றார்கள். அடுத்து அடித்தபோது அப்படி யாரும் ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை என்றார்கள். போட்டோவோடு மெயில் போட்டேன், தோட்டா கடையை விட்டு வெளியே போய்விட்டால் திரும்ப எடுக்க மாட்டோம், பாதுகாப்பு விதி என்று இரண்டு வரியில் பதில். நேரில் போனேன். அதே பெரியவர், என்னைத் தெரியாத மாதிரி ஒரு பார்வை. ஸ்டிக்கரை நானே ஒட்டியிருக்கலாமாம்! என் 640 டாலரை வீணாக்க நானே வீட்டில் உட்கார்ந்து ஸ்டிக்கர் அடித்தேனா?

மேனேஜர் என்று ஒரு இளைஞர் வந்தார். அவர் சொன்னதுதான் உச்சம். கடமானுக்கு விக்டோரியா சட்டம் கேட்பது .270 கேலிபர், 130 கிரெய்ன், உங்களிடம் இருப்பது 232, சட்டத்துக்கு மேலேயே இருக்கிறதே, என்ன குறை என்றார். ஐயா, 130 என்பது அதற்குக் கீழே போகாதே என்கிற கோடு. நான் காசு கொடுத்தது 286க்கு. 232 மோசமான குண்டு என்று நானும் சொல்லவில்லை. வேகம் கூடுதல், திறந்த வெளியில் கொஞ்சம் தூரத்துக்கு நன்றாகவே போகும். ஆனால் நான் கேட்காததை, நான் கேட்டதன் பெயரை ஒட்டி, 640 டாலருக்கு விற்றது வியாபாரமா? கடைசியில் 50 டாலருக்குக் கடை வவுச்சர் தருகிறேன் என்றார். 640 எங்கே, 50 எங்கே. அவர்கள் பக்கத்தில் நான் போட்ட ரிவ்யூவையும் இரவோடு இரவாகத் தூக்கிவிட்டார்கள்.

விற்ற பொருள் சொன்ன விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் சொல்கிறது. கடை தன் இஷ்டத்துக்கு எழுதி வைக்கும் ரிட்டர்ன் பாலிசி அதற்கு மேல் போகாது. மாநில நுகர்வோர் அலுவலகமான கன்ஸ்யூமர் அஃபேர்ஸ் விக்டோரியாவுக்கு எழுதிவிட்டேன், அசையாவிட்டால் அடுத்து விகேட் (VCAT) என்கிற மாநிலத் தீர்ப்பாயம்.

எடை பற்றி விளக்கமாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது அதற்கு மனசு இல்லை. சுருக்கமாக: அடர்ந்த காடு, பெரிய மிருகம், கிட்டத்துச் சூடு என்றால் 286. வெட்டவெளி என்றால் 232, 250 போதும். எடையை மாற்றினால் ஸ்கோப்பை மறுபடி சரிபார்க்காமல் காட்டுக்குள் போகாதீர்கள். ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி, பிரித்து ஒட்டிய பெட்டி, எதையும் தொடாதீர்கள். ரீலோடிங் செய்கிறவர்கள் ஒவ்வொரு குண்டையும் தராசில் போடுங்கள். லேசான குண்டுக்கு அளந்த வெடிமருந்தின் மேல் கனமானது உட்கார்ந்தால் அழுத்தம் எகிறி ரைஃபிள் முகத்தருகே வெடிக்கலாம், அது 640 டாலரோடு போகாது. பில்லில் வெறுமனே "9.3×62, ஐந்து பெட்டி" என்று போட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள், எடையையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் கார்டை வெளியே எடுக்காதீர்கள்.