ஆப்ஷன் டிரேடிங் வகுப்புக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

என் தம்பிக்கு நடந்ததை அவன் சம்மதத்தோடு எழுதுகிறேன். திருப்பூர், கோவைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டல் ஹாலில் இலவச வகுப்பு வைத்து ஆள் சேர்க்கிறார்களே, அப்படி ஓர் இடத்தில்தான் அவன் மாட்டினான்.

2024 தொடக்கத்தில் 35,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தான். 2020 மார்ச்சில் 8,000-க்கும் கீழே கிடந்த பங்குச்சந்தைக் குறியீடு நிஃப்டி அப்போது 22,000-ஐத் தொட்டிருந்தது. கால் ஆப்ஷன் (சந்தை ஏறும் என்று பந்தயம் கட்டுவது போன்றது) வாங்கியவர்களில் பலர் கையில் காசு பார்த்த நேரம். தம்பிக்கும் முதல் சில வாரம் லாபம் வந்தது. ஏறுகிற சந்தை கொடுத்த லாபம் அது. பயிற்சியாளரோ தன் ஸ்ட்ராடஜி கொடுத்தது என்றார், இவனும் நம்பினான்.

அந்த நாட்களில் திங்கள் மிட்கேப், செவ்வாய் ஃபின் நிஃப்டி, புதன் பேங்க் நிஃப்டி, வியாழன் நிஃப்டி, வெள்ளி சென்செக்ஸ் என்று தினமும் ஏதோ ஒரு குறியீட்டின் ஆப்ஷனுக்கு எக்ஸ்பைரி, அதாவது காலாவதி நாள். டெலிகிராம் குழுவில் தினமும் டிப்ஸ் வரும். காலையில் பிரீமியம் (ஆப்ஷனின் விலை) கொடுத்து வாங்கியது சந்தை மூடும் மூன்றரை மணிக்குப் பூஜ்யமாகிவிடும். மறுநாள் வேறொரு இண்டெக்ஸ் காத்திருக்கும்.

ஜூன் 3, கருத்துக்கணிப்பை நம்பிச் சந்தை மூன்று சதவீதத்துக்கு மேல் ஏறியது. "கால் வாங்கி வையுங்கள்" என்று குழுவில் வந்தது. மறுநாள் தேர்தல் முடிவு, நிஃப்டி கிட்டத்தட்ட ஆறு சதவீதம் விழுந்தது. அவன் சேமிப்பில் பெரும்பகுதி அன்று மதியத்துக்குள் போனது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் மோசம். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற ஒரே நினைப்பு. ஆப்பில் பெர்சனல் லோன், அப்புறம் அம்மாவின் வளையல் அடகுக்கடைக்கு. நம் சந்தை திறக்கும் முன்பே ஓடத் தொடங்கும் கிஃப்ட் நிஃப்டியைப் பார்க்கக் காலை ஆறரைக்கே எழுந்துவிடுவான். வேலை நேரத்தில் கழிவறைக்குள் போய் ஆர்டர் போடுவான். சனி, ஞாயிறு சந்தை இல்லாவிட்டால் யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டான். வீட்டில் இப்படி யாராவது மாறினால் திட்டாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து கணக்கைக் கேளுங்கள்.

அவன் போய்ப் பயிற்சியாளரிடம் கேட்டபோது வந்த பதில்: "ஸ்ட்ராடஜி சரிதான், உன் மைண்ட்செட் சரியில்லை." அதைச் சரிசெய்ய இன்னொரு கோர்ஸ், 15,000 ரூபாய். எனக்கு ஆத்திரம் வந்தது இதில்தான். எஃப் அண்ட் ஓ-வில் (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில்) தனிநபர்களில் 89 சதவீதம் பேர் நஷ்டப்படுகிறார்கள் என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி 2023 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. 2024 செப்டம்பர் ஆய்வில் அது 93 சதவீதம். மூன்று நிதியாண்டுகளில் மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கும் மேல். நூற்றுக்கு 93 பேருக்கும் மைண்ட்செட் கெட்டுப்போயிருக்குமா? வகுப்பில் இந்த எண்ணை ஒருநாள்கூட யாரும் சொல்லவில்லை. தோற்றவன் தன்னையே நொந்துகொண்டால்தான் அவர்களுக்கு அடுத்த கோர்ஸ் விற்கும்.

இன்னொன்றும் தெரியவந்தது. "எங்கள் லிங்கில்தான் கணக்குத் தொடங்க வேண்டும்" என்று சொல்லியிருந்தார்கள். ப்ரோக்கரிடம் விசாரித்தால் தம்பியின் கணக்கு அந்தப் பயிற்சியாளரின் கீழ்தான் இருந்தது. அவன் போட்ட ஒவ்வொரு ஆர்டரின் ப்ரோக்கரேஜிலும் அவருக்குப் பங்கு. லாபமோ நஷ்டமோ, இவன் எத்தனை முறை வாங்கி விற்கிறான் என்பதில்தான் அவர் வருமானம். தினமும் டிப்ஸ் வந்த காரணம் அப்போதுதான் புரிந்தது.

அதனால் டிப்ஸ் தருகிறவரிடம் செபி பதிவு எண் கேளுங்கள், செபி தளத்தில் சரிபாருங்கள். லாப ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினால் வருமான வரிக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் லிங்கில் ஏற்கெனவே கணக்குத் தொடங்கியிருந்தால், அது யார் கீழ் இருக்கிறது என்று ப்ரோக்கரிடம் கேளுங்கள். எஃப் அண்ட் ஓ பகுதியை மட்டும் மூடச் சொல்லிக் கேட்கலாம். தம்பி அதைத்தான் செய்தான், லோன் தவணை இன்னும் ஓடுகிறது.