மூன்று ஆண்டுகள், 38,000 கிலோமீட்டர்: வீட்டிலேயே மாற்றிய ஆல்டர்னேட்டர்

எங்கள் 1.2 லிட்டர் பெட்ரோல் காரில், இஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை வீட்டு வாசலிலேயே கழற்றி மாற்றி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முந்தைய ஓராண்டில், காலையில் செல்ஃப் எடுக்காதபோதெல்லாம் பேட்டரியின் மீதே பழியைப் போட்டு, இரண்டு முறை அதை மாற்றியிருந்தோம். இரண்டாவது பேட்டரியும் நான்கே மாதத்தில் இறங்கிய பிறகுதான் ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன்.

இரவு முழுவதும் நின்றிருந்த வண்டியில் பேட்டரி 12.3 வோல்ட் காட்டியது. முழு சார்ஜில் இருந்தால் 12.6 இருக்க வேண்டும். இஞ்சினை ஓடவிட்டபோது 13.2 வந்தது. ஏதோ சார்ஜ் ஏறுகிறது என்று அத்துடன் நிறுத்தியிருந்தால் மூன்றாவது பேட்டரிக்கும் பணம் கொடுத்திருப்பேன். ஹெட்லைட், ஏசி, புளோயர் ஆகிய மூன்றையும் போட்டு, இஞ்சின் வேகத்தை 2,000 சுற்றில் வைத்து அளந்தபோது அளவு 12.1 ஆக, இஞ்சின் ஓடாதபோது இருந்ததைவிடவும் கீழே சரிந்தது. ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட் தொய்வாக இல்லை. ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு டெர்மினலிலேயே 12.5 வோல்ட்தான் இருந்ததால், பழுது அதனுள்ளேதான் என்று உறுதியானது. பேட்டரி ஒயரை ஓடும் இஞ்சினில் கழற்றிப் பார்த்துச் சோதிக்கும் பழைய வழக்கம் இன்றும் பலரிடம் உண்டு. அப்போது எழும் மின்னழுத்த ஏற்றம் வண்டியின் மின்னணுக் கருவிகளைப் பழுதாக்கக்கூடும் என்பதால் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். ஆல்டர்னேட்டருக்கு வரும் தடித்த ஒயரில், சாவி போடாதபோதும் பேட்டரி மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அதைக் கழற்றும் ஸ்பேனர் வண்டியின் பாடியில் பட்டால் பொறி பறக்கும். மற்றபடி எங்கள் வண்டியில் இரண்டு போல்ட், ஒரு பிளக், அந்த ஒயர், அவ்வளவுதான். கழற்றியதைப் பிரித்துப் பார்த்தபோது சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் ஏறக்குறைய முழுதும் தேய்ந்திருந்தது. அது உரசும் வளையங்களிலும் பள்ளம் விழுந்திருந்தமையால் பிரஷ் மட்டும் மாற்றாமல், புதுப்பிக்கப்பட்ட ஆல்டர்னேட்டர் ஒன்றை வாங்கிப் பொருத்தினேன்.

அத்துடன் முடியவில்லை. மேலே சொன்ன அதே சுமையில் ஆல்டர்னேட்டரில் 14.3 வோல்ட் இருந்தும் பேட்டரியில் 13.6 தான் வந்தது. மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பாடியிலும் மறுமுனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் வைத்தபோது 0.55 வோல்ட் காட்டியது, அங்கே 0.2க்கு மேல் இருக்கக்கூடாது. இஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் ஒயரின் முனை பச்சை பூத்து அரித்துப்போயிருந்தது. சில நூறு ரூபாயில் புதிய ஒயர் போட்டதும் பேட்டரியில் 14.1 வந்தது. பழைய ஆல்டர்னேட்டரை அளந்த அன்றே இதையும் அளந்திருக்க வேண்டும் என்று இன்றும் எண்ணுகிறேன்.

புதுப்பித்த ஆல்டர்னேட்டர் குறையே இல்லாதது என்று சொல்ல மாட்டேன். 26,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு பேரிங்கிலிருந்து இரைச்சல் எழுந்தது. பெல்ட்டைக் கழற்றிப் புல்லியைக் கையால் சுற்றியபோது சொரசொரப்பு நன்றாகத் தெரிந்தது. பேரிங் மட்டும் மாற்றினோம். வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டரும், மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடுகளும் இன்றுவரை சரியாகவே வேலை செய்கின்றன. ஆறு மாதத்திற்கு ஒருமுறை அதே சுமையில் அளந்து, காரில் வைத்துள்ள குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். சென்ற வாரம் 14.0 வோல்ட். நான்கு மாதத்தில் இறங்கிய அந்த இரண்டாவது பேட்டரிதான் இப்போது நான்காம் ஆண்டிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.