பறக்கும் தட்டா, நிற்கும் தாளா? ராமநாதபுரம் கடலோரத்தவர் எந்தத் துப்பாக்கி விளையாட்டைத் தொடங்கலாம்

2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் பறக்கும் தட்டைச் சுடும் ட்ராப் போட்டியின் அணிப் பிரிவுத் தங்கத்தை வென்ற மூவரில் ஒருவர் புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான். மறு ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டார். பக்கத்து மாவட்டத்துக்காரர் அந்த மேடையில் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு நாமும் பழகினால் என்ன என்று தோன்றத்தான் செய்யும். நல்ல ஆசை. ஆனால் மண்டபத்திலோ கீழக்கரையிலோ தொண்டியிலோ வாழ்கிறவர் இதைப் பொழுதுபோக்காக எடுக்கும் முன் காற்று, நிலம், உரிமம், பணம் நான்கையும் சேர்த்து யோசிக்க வேண்டும். முன்னால் இருக்கும் வழிகள் மூன்று: ட்ராப், ஸ்கீட், 10 மீட்டர் ஏர் ரைபிள். முதல் இரண்டும் பறக்கும் தட்டைச் சுடுவது. மூன்றாவது காற்றழுத்தத் துப்பாக்கியால் அசையாமல் நிற்கும் இலக்கைச் சுடுவது.

தட்டு என்பது 110 மில்லிமீட்டர் விட்டமும் சுமார் 105 கிராம் எடையும் கொண்ட வட்டு. சுண்ணாம்புக்கல் தூளையும் பிசினையும் சேர்த்து வார்த்திருப்பார்கள். எந்திரம் வீசியெறியத் தாங்கும், ஒன்றிரண்டு ரவை பட்டால் உடையும். சுடுவது ஷாட்கன் எனப்படும் துப்பாக்கியால், பெரும்பாலும் 12 போர் என்ற குழல் அளவுள்ள இரட்டைக் குழல் துப்பாக்கியால். தோட்டாவுக்குள் ஒரே குண்டு இருக்காது. பொடி ரவைகள் நிறைந்திருக்கும். போட்டி விதிப்படி தோட்டாவுக்கு 24 கிராம். ட்ராப்புக்கான 2.4 மில்லிமீட்டர் ரவை என்றால் ஏறத்தாழ 300 மணி. ஸ்கீட்டுக்கான 2 மில்லிமீட்டர் ரவை என்றால் 500க்கும் மேல்.

ட்ராப்பில் தட்டு உங்களை விட்டு விலகி ஓடும். ஒலிம்பிக் முறையில் முன்னால் ஒரு பள்ளம், அதற்குள் 15 எந்திரங்கள். அதற்கு 15 மீட்டர் பின்னால் சுடுகிறவர் நிற்கும் ஐந்து நிலைகள். துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக்கொண்டு நீங்கள் குரல் கொடுத்ததும் தட்டு கிளம்பும். நேராகவும் போகலாம், இடமோ வலமோ 45 பாகை வரை ஒதுங்கியும் போகலாம். உயரமும் மாறும். எது வரும் என்று முன்கூட்டித் தெரியாது. ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டா வரை சுடலாம். தட்டு 76 மீட்டர் வரை பறக்கக்கூடியது என்றாலும் உங்களுக்குக் கிடைப்பது ஒரு நொடிக்கும் குறைவு. அதற்குள் சுடாவிட்டால் ரவைக்கூட்டம் எட்டிப் பிடிப்பது கடினம்.

ஸ்கீட்டில் தட்டு குறுக்கே பாயும். தட்டு வீசும் எந்திரம் இருக்கும் சிறு கட்டடத்துக்கு வீடு என்று பெயர். இடப்பக்கம் உயர்ந்த வீடு, வலப்பக்கம் தாழ்ந்த வீடு. இரண்டிலிருந்தும் தட்டுகள் எப்போதும் ஒரே பாதையில்தான் வரும். மாறுவது நீங்கள்தான். அரைவட்டத்தில் ஏழு நிலைகள், நடுவில் எட்டாவது; ஒவ்வொன்றாக நடந்து போய்ச் சுட வேண்டும். ஒரு சுற்றுக்கு 25 தட்டு, தட்டுக்கு ஒரே தோட்டா. சில நிலைகளில் இரு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் தட்டு வரும். ஒலிம்பிக் விதியில் இன்னொரு கடினமும் உண்டு: தட்டு கண்ணில் படும்வரை துப்பாக்கிக் கட்டை இடுப்பருகே இருக்க வேண்டும், குரல் கொடுத்த பின் மூன்று நொடி வரை தாமதமும் வரலாம். பொழுதுபோக்காகப் பழகுகிறவர்களுக்கு இந்த இரண்டையும் தளர்த்திச் சொல்லிக் கொடுப்பது உண்டு.

பாதை தெரிந்திருந்தும் ஸ்கீட் எளிதாகிவிடுவதில்லை, ஏனென்றால் தட்டு இருக்கும் இடத்தைச் சுட்டால் படாது. அரைவட்டத்தின் நடுவிலுள்ள நான்காம் நிலையில் நின்றால் தட்டு சுமார் 20 மீட்டர் தொலைவில் குறுக்கே போகிறது. ரவை அங்கே போய்ச் சேர நொடியில் இருபதில் ஒரு பங்கு ஆகும். அதற்குள் தட்டு ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக நகர்ந்திருக்கும். ஆகவே அந்த அளவு முன்னால் சுட வேண்டும், சுட்ட பின்னும் குழலை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே போக வேண்டும். பாக் நீரிணைக் கரையில் வீச்சு வலையோடு நிற்கிறவர் மடவைக் கூட்டத்தின் மேல் வீசமாட்டார். அது போய்ச் சேரும் இடத்தில்தான் வீசுவார். அந்தக் கண் பழகியவருக்கு ஸ்கீட் வேகமாகப் பிடிபடும் என்பது என் நம்பிக்கை.

தொடங்குகிறவருக்கு எது நல்லது என்றால், தயங்காமல் ஸ்கீட் என்பேன். தவறினால் ஏன் தவறியது என்று தெரியும். அதே நிலையில் அதே தட்டைத் திரும்பக் கேட்டு, முன்தூரத்தைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ பார்க்கலாம். ட்ராப்பில் அடுத்த தட்டு வேறு பக்கம் போய்விடும். பாடம் மனதில் பதியும் முன் சூழ்நிலை மாறிவிடுகிறது. ஆனால் ட்ராப்புக்கென்று ஓர் ஈர்ப்பு இருக்கிறது. எது வரும் என்று தெரியாமல் குரல் கொடுக்கும் அந்தக் கணத்துக்காகவே அதை விட்டு நகராதவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் பழகிய பிறகு அதற்குப் போவது நியாயம். மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து, வகைவகையான தட்டுகளைச் சுடும் ஸ்போர்ட்டிங் என்ற பிரிவும் உண்டு. அதற்கேற்ற இடம் நமக்குப் பக்கத்தில் கிடைப்பது அரிது என்பதால் விட்டுவிடுகிறேன்.

காற்று. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று ஏறிவிட்டால் நம் கடற்கரையில் மாதக்கணக்கில் விடாது. வாடைக் காலத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்கும். எதிர்க்காற்றில் தட்டு மேலே எழும்பும், பின்காற்றில் தலை கவிழ்ந்து சீக்கிரம் விழும். ட்ராப்பில் தட்டு தூரமாகப் போன பின்தான் சுடுகிறோம் என்பதால் இந்த ஆட்டம் முழுவதும் நம் தலையில் விழும். ஸ்கீட்டில் தூரம் குறைவு, பாதிப்பும் குறைவு. ஏர் ரைபிளுக்கு நான்கு சுவர் போதும், கச்சானாவது வாடையாவது.

இனி நிலம். என் மனதை அதிகம் உறுத்துவது இதுதான். சர்வதேச விதிகள் பூமியின் வடபாதியில் ஷாட்கன் மைதானம் வடக்கு அல்லது வடகிழக்கு பார்த்திருக்க வேண்டும் என்கின்றன, வெயில் சுடுகிறவரின் முதுகுப் பக்கம் இருப்பதற்காக. மண்டபத்திலிருந்து தேவிபட்டினம் வரையிலான பாக் நீரிணைக் கரை கிட்டத்தட்ட அப்படித்தான் பார்த்திருக்கிறது. முன்னால் ஆளில்லாத கடல், பின்னால் பனங்காடு. பார்க்கிற எவருக்கும் இங்கேயே ஓர் எந்திரத்தை வைத்துவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

கணக்கு எளிது. ஸ்கீட் ஒரு சுற்றுக்கு 25 தோட்டா, அதாவது 600 கிராம் ஈயம். நான்கு பேர் ஆளுக்கு ஒரு சுற்று முடித்தால் 2 கிலோ 400 கிராம். ட்ராப்பில் இரண்டாவது தோட்டாவும் சேர்ந்தால் இன்னும் கூடும். இந்த ரவை 200 மீட்டர் அளவுக்குப் போய் விழக்கூடும். கடலோரத்தில் என்றால் விழும் இடம் கடல்தாழை என்னும் கடற்புல் வளரும் ஆழமற்ற நீரும், பறவைகள் இரை தேடும் சேறும்தான். இரையை அரைப்பதற்காகப் பறவைகள் சிறு கற்களை விழுங்குவது வழக்கம், ஈய ரவையையும் கல்லென்றே விழுங்கும். இரைப்பையில் ஈயம் கரைந்து உடம்பில் ஏறினால் பறவை நாளுக்கு நாள் நலிந்து சாகும். ஸ்பெயினிலும் மெக்சிகோவிலும் பூநாரைகள் இப்படிச் செத்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் ஈரநிலங்களிலும் அவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள்ளும் ஈய ரவை சுடுவதை 2023 பிப்ரவரி முதல் தடுத்துவிட்டது. தனுஷ்கோடிச் சேற்றுக்கும் ஸ்பெயினில் செத்த அதே இனப் பூநாரைகள் வருகின்றன.

உள்ளே தள்ளிப் போனாலும் கவனம் தேவை. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் நான்கும் உலக முக்கியத்துவம் கொண்ட ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் உள்ள நீர்நிலைகள். அவை தவிர ஊருக்கு ஊர் கண்மாய். நம் மாவட்டத்தில் தண்ணீர் வந்து தேங்காத பொட்டல் என்று நினைக்கும் நிலத்தில்கூட ஐப்பசி, கார்த்திகையில் கொக்கு நிற்கும். 1900இல் பாரிஸில் நடந்த விளையாட்டுகளில் உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுடும் போட்டியும் இருந்தது. தட்டு வந்த பிறகு அந்தக் கொலை தேவையில்லாமல் போயிற்று. பறவை சாகாமல் சுடும் இன்பம் கிடைக்க வந்த விளையாட்டு, சேற்றில் ஈயத்தை விதைத்துப் பறவையைக் கொல்லக் கூடாது. ஈயத்துக்குப் பதில் எஃகு ரவை உண்டு. ஆனால் பழைய குழல்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது, கடினமான பொருளில் பட்டால் தெறிக்கவும் செய்யும்.

நிலத்தைப் பொறுத்தவரை ட்ராப்புக்கு ஒரு நியாயமும் உண்டு. எல்லாரும் ஒரே பக்கம் சுடுவதால் ரவை ஒரு விசிறி அளவுக்குள் விழும், அள்ளி எடுப்பது சற்று எளிது. ஸ்கீட்டில் சுடும் திசை மாறிக்கொண்டே இருப்பதால் பரப்பு அகலம். கற்பவருக்கு ஸ்கீட் இதமானது, மண்ணுக்கு ட்ராப் இதமானது.

உரிமம், பணம் இரண்டும் ஏர் ரைபிள் பக்கமே சாய்கின்றன. 12 போர் துப்பாக்கிக்கு 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும், 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பம், காவல் துறை விசாரணை, மருத்துவச் சான்று என்று நாள் பிடிக்கும். கிடைத்த பிறகும் தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். நம் மாவட்டத்தில் செப்டம்பர், அக்டோபரில் தடை உத்தரவு போடுவது வழக்கம். அந்த நாட்களில் துப்பாக்கிப் பையோடு வண்டி ஏறும் முன் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போவது நல்லது. கடலோரப் பாதுகாப்பு கெடுபிடியான இடத்தில் வாழ்கிறோம் என்பதும் நினைவிருக்கட்டும். இதற்கெல்லாம் மேல் தோட்டாச் செலவு. ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் ஒன்று தீர்கிறது.

4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் கொண்ட ஏர் ரைபிளுக்கு உரிமம் வேண்டாம். ஒரு டப்பாவில் 500 குண்டு. பின்னால் குண்டு பிடிக்கும் பெட்டி வைத்தால் ஈயம் முழுவதும் அதில் சேர்ந்துவிடும், மண்ணுக்குப் போகாது. 10 மீட்டருக்குச் சற்று அதிக நீளமுள்ள மூடிய கூடம் போதும் என்பதால் பள்ளிக்கூடத்திலும் நடத்தலாம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கம் வரை போனது இந்தப் பிரிவில்தான். இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். மூச்சு, நிற்கும் நிலை, விரலின் அழுத்தம் மூன்றையும் இது சீர்செய்யும். ஆனால் தட்டு சுடுவதற்கு இது நேர்ப் பயிற்சி ஆகாது. ரைபிளில் அசையாமல் நின்று குறிபார்க்க வேண்டும். ஷாட்கன்னில் இரு கண்களையும் திறந்து தட்டையே பார்க்க வேண்டும், குழல் தானாகக் கண்ணைப் பின்தொடர வேண்டும். குழலைப் பார்த்தால் கை நின்றுவிடும், தட்டு போய்விடும். ரைபிளில் ஊறியவர்கள் ஷாட்கன்னுக்கு வரும்போது திணறுவது இதில்தான்.

என் தேர்வு இது. வீட்டில் 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் இருந்தாலோ, வாரம் தவறாமல் பழக வேண்டும் என்றாலோ ஏர் ரைபிள். ஊருக்குள்ளேயே அண்ணன் தங்கையோடு சேர்ந்து பழகக்கூடியது அது ஒன்றுதான். பறக்கும் தட்டுதான் வேண்டும், நெஞ்சு அதைத்தான் கேட்கிறது என்பவர், எந்திரம் வாங்குவதையும் நிலம் தேடுவதையும் விட்டுவிட்டு, மாதம் ஒரு முறையானாலும் கரையை விட்டு உள்ளே இருக்கும் முறையான ஷாட்கன் மைதானத்துக்குப் போகட்டும். ஸ்கீட்டில் தொடங்கட்டும். போகும் முன் ஆதிக்கக் கண், அதாவது குறிபார்ப்பதில் முந்தும் கண், எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்: தொலைவில் உள்ள ஒரு பொருளை இரு கண்ணும் திறந்து விரலால் சுட்டிவிட்டு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள், எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் பொருளை விட்டு விலகவில்லையோ அதுவே. அந்தப் பக்கத் தோள்தான் உங்களுக்கு வாகு. காதுக்கு அடைப்பும் கண்ணுக்குக் கண்ணாடியும் இல்லாமல் நிலையில் ஏறாதீர்கள். சொந்தத் துப்பாக்கி வாங்குவதைத் தள்ளிப்போட்டு, கிளப்பின் துப்பாக்கியில் பழக வழியுண்டா என்று கேளுங்கள். நம் உப்புக்காற்றில் எண்ணெய் போடாமல் வைத்த குழல் துருவேற அதிக நாள் ஆகாது.

முதல் நாளில் ஏழாம் நிலையில் நிறுத்தி, தாழ்ந்த வீட்டுத் தட்டைத் தரச் சொல்லுங்கள். அது கிட்டத்தட்ட நேராக விலகிப் போவதால் முன்தூரக் கணக்கு வேண்டியதில்லை. அங்கிருந்து நான்காம் நிலை நோக்கி நகரலாம். பணம் கட்டும் முன் மைதானத்தாரிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: விழுந்த ரவையை எப்போது அள்ளுகிறீர்கள், அள்ளியதை எங்கே கொடுக்கிறீர்கள்? பதில் சொல்லத் தெரியாத இடத்தில் சேர வேண்டாம்.