பழையபேட்டை வால்வு கடை: மூன்று வாட், ஐந்து வாரம்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கிறது இந்த ரிப்பேர் கடை. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் மிக்ஸி ஜார்கள் தொங்கும், அதுதான் அடையாளம். மிக்ஸியும் டேபிள் ஃபேனும் சோறு போடுகின்றன. வால்வு, அதாவது பழைய ரேடியோ, டிவிகளுக்குள் சூடாகி ஒளிரும் கண்ணாடிக் குழாய்; அந்த வேலை கடைக்காரருடைய ஆசைக்கு.

அப்பா சென்னையில் வேலை பார்த்தபோது 1978-ல் வாங்கிய கறுப்பு வெள்ளை டிவி எங்கள் பரணில் கிடந்தது. பழைய இரும்புக்காரர் 200 ரூபாய் சொன்னார். கொடுக்க மனசு வரவில்லை. மொபெட்டில் கட்டி இங்கே கொண்டுவந்தேன்.

பின்மூடியைக் கழற்றியதும் அவர் டார்ச் அடித்து ஒவ்வொரு வால்வின் உச்சியையும் பார்த்தார். உள்பக்கம் கண்ணாடி மாதிரி வெள்ளிப்பூச்சு மின்னினால் உயிர் இருக்கலாம். சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, குப்பைதான். என்னுடையதில் இரண்டு வெளுத்திருந்தன.

"ஸ்பீக்கருக்குச் சத்தம் குடுக்குற இந்த பிசிஎல்82 வால்வு நல்லா இருக்கு சார். ஜோடி எங்கிட்ட இருக்கு, பாட்டு கேட்க ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் போட்டுரலாம்" என்று ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்தார்.

பலரும் தேடி அலைவது ஈசிஎல்82. இரண்டும் உள்ளே ஒன்றேதான், வால்வைச் சூடாக்கும் கம்பியான ஹீட்டர் மட்டும் வேறு. ஈ என்று தொடங்கினால் 6.3 வோல்ட். பி என்றால் 300 மில்லி ஆம்பியர்: அந்தக் கால டிவிகளில் எல்லா ஹீட்டரும் மாரியம்மன் பண்டிகை சீரியல் செட் மாதிரி ஒரே வரிசை, ஒன்று போனால் மொத்தமும் இருட்டு. பிசிஎல்82 கேட்பது 16 வோல்ட். அதற்குப் பயந்தே ஆட்கள் இதை ஒதுக்குகிறார்கள். இவரோ எந்தக் கடையிலும் கிடைக்கும் சாதாரண 15-0-15 டிரான்ஸ்பார்மரை எடுத்து, நடுக்கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு வால்வு, அந்தப் பக்கம் ஒரு வால்வு என்று கொடுத்துவிட்டார். ஒரு வோல்ட் குறைந்தால் ஒன்றும் ஆகாது என்றார், ஆகவில்லை. ஹை வோல்டேஜுக்குத் தனி டிரான்ஸ்பார்மர். டிவியில் உள்ளிருக்கும் இரும்புச் சட்டமே (சேசிஸ்) வீட்டு மின்சாரத்தின் ஒரு கம்பியோடு சேர்ந்திருக்கும். அதை அப்படியே காப்பியடித்தால் ஷாக் நிச்சயம்.

அதே டிவியில் இருந்த, மண்டையில் உலோகத் தொப்பி வைத்த பெரிய வால்வு பிஎல்504-ஐக் காட்டி, இதில் பெரிதாக ஒன்று போடலாமே என்று கேட்டேன். "அந்தத் தொப்பியிலதான் வோல்டேஜ் நிக்கும். வீட்ல பேரன் இருக்கான்னு சொன்னீங்கல்ல, வேணாம் சார்" என்று எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். வந்த காசை வேண்டாம் என்று சொன்ன கடைக்காரரைப் பார்த்து நாளாகிறது.

மொத்தம் 6,800 ரூபாய். அதில் 2,400 வால்வையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் இரண்டு அவுட்புட் டிரான்ஸ்பார்மருக்கு, ஜோடி வால்வுக்கு வெறும் 150. இடது, வலது என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் சுமார் 3 வாட்தான். பழைய 8 அங்குல காகிதக் கோன் ஸ்பீக்கர் போட்டிருக்கிறேன், ஹாலுக்கு அதுவே அதிகம். நாதஸ்வரம் கேட்டால் சீவாளியில் காற்று நுழைவதே தெரிகிறது. மிருதங்கத்தின் இடந்தலை மட்டும் கொஞ்சம் தொளதொள.

இனி குறைகள். ஒரு வாரம் என்றார், ஐந்து வாரம் ஆனது. வந்த புதிதில் ராத்திரியில் 'ம்ம்ம்' என்று இரைச்சல்; திரும்பக் கொண்டுபோனதும் எர்த் கம்பிகளை ஒரே இடத்தில் சேர்த்து ஈயம் வைத்தார், முக்கால்வாசி அடங்கியது. பெரிய தப்பு வேறு. பதினைந்தாம் நாள் ஒரு வால்வுக்குள் தகடு அடுப்புக்கரி மாதிரி சிவந்தது. ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தேன். பார்த்தால், என் டிவியிலிருந்தே எடுத்த பழைய கண்டன்சர் ஒன்றை, வால்வுக்குள் பாட்டு சிக்னல் நுழையும் கிரிட்டுக்கு முன்னால் போட்டிருக்கிறார். சிக்னலை மட்டும் விட்டு டிசி மின்சாரத்தைத் தடுக்க வேண்டிய அது லீக் ஆகி, டிசி கசிந்திருக்கிறது. காசு வாங்காமல் இரண்டு பக்கமும் புதிது போட்டுக் கொடுத்தார், சரி. ஆனால் வால்வு பழசாக இருக்கலாம், கண்டன்சர் பழசாக இருக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியாததா? நீங்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

என் தப்பும் ஒன்று உண்டு. பளபளப்பாக்கலாம் என்று வால்வை ஈரத்துணியால் துடைத்தேன். பெங்களூரு பிஇஎல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) தயாரிப்பு என்று காட்டிய எழுத்து துணியோடு வந்துவிட்டது.

டிவியில் மிச்சமிருந்த இஎஃப்80 என்ற சின்ன வால்வு இரண்டையும் அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். மேஜையில் அதே வால்வில் ஒரு மீடியம் வேவ் ரேடியோ வைத்திருக்கிறார், 612 கிலோஹெர்ட்ஸில் பெங்களூரு வானொலி பகலிலேயே கணீரென்று வருகிறது. அடுத்து எனக்கு அதுதான்.

போவதானால் மாலை 5 மணிக்கு மேல் போங்கள், காலையில் மிக்ஸிக் கூட்டம். போன் அடித்தால் எடுக்க மாட்டார்.